வாங்கியவர் வாக்கு

ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குச் செல்லும் சாலையில் திமிரி என்னும் பேரூர் இருக்கிறது. அங்குள்ள சைக்கிள் கடை ஒன்றின் முன்னால் மாலை வேளையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். விளக்கு வாங்க வந்தவர் கடைக்காரரிடம் விலையைக் கேட்கிறார். ஆனால் தரத்தைப் பற்றி அவரிடம் கேட்பதில்லை. பஞ்சர் ஒட்டக் காத்திருக்கும் இன்னொருவரிடம் திரும்பி, “ஏண்ணா, உங்க வண்டியிலயும் இதே லைட்டுதானே? எப்படி இருக்குது?” என்கிறார். “மழையில நனைஞ்சா மக்கர் பண்ணும். மத்தபடி ரெண்டு வருசமா ஓடுது” என்று பதில் வருகிறது. பேரம் முடிந்துவிடுகிறது.

இந்தப் பதிலைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். எவ்வளவு காலம் பயன்படுத்தினார் என்பது அதில் இருக்கிறது. எந்த நிலையில் பொருள் பழுதாகிறது என்பதும் இருக்கிறது. சொல்பவர் யார், அவர் எந்தச் சாலையில் வண்டி ஓட்டுபவர், எதற்கும் குறை சொல்பவரா அல்லது எதையும் புகழ்பவரா என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். அறிவியலார் ‘உற்றுநோக்கல்’ என்று சொல்வதற்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருக்கின்றன.

இன்று அதே திமிரியில் பலரும் கைப்பேசியைத் திறந்து, முன்பின் அறியாதவர்கள் இட்ட நட்சத்திரங்களை எண்ணிப் பொருள் வாங்குகிறோம். சைக்கிள் விளக்கு, நடையை எண்ணும் கைப்பட்டை, நாவல், கணினி மென்பொருள் ஆகிய நான்கிற்கும் ஒரே ஐந்து நட்சத்திர அளவுகோல்தான். இந்த அளவுகோல் எதை அளக்கிறது? வாங்கியவர் வாக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நானும் இதில் குற்றவாளி என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சைக்கிள் விளக்கு ஒன்று தருவித்தேன். வந்த அன்றே வீட்டுக் கூடத்தில் எரியவிட்டுப் பார்த்தேன். சுவர் முழுவதும் வெளிச்சம். மகிழ்ச்சியில் ஐந்து நட்சத்திரம் இட்டு, ‘மிக அருமை’ என்றும் எழுதினேன். மூன்றாம் மாதம், ஆற்காட்டிலிருந்து திரும்பும் வழியில், எதிரே லாரி வரும் நேரத்தில் அது அணைந்தது. நல்லவேளையாக எனக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் என் ‘மிக அருமை’ அப்படியே அங்கு இருந்தது. அதை நம்பி எத்தனை பேர் அதே விளக்குடன் இருட்டில் சென்றார்களோ! நெடுநாள் கழித்துத்தான் அதைத் திருத்த எனக்குத் தோன்றியது.

நட்சத்திரம் ஓர் அளவா?

வெப்பமானி 38 பாகை என்று காட்டினால் திமிரியிலும் டில்லியிலும் அதற்குப் பொருள் ஒன்றே. நான்கு நட்சத்திரம் அப்படிப்பட்டதன்று. ஒருவர் பொருளுக்காக அளிக்கிறார். ஒருவர் விரைவில் வந்து சேர்ந்ததற்காக அளிக்கிறார். மற்றொருவர் பெட்டி நசுங்கியிருந்ததற்காக ஒன்றைக் குறைக்கிறார். அலகு இல்லாத இந்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால், கிடைப்பது எதன் சராசரி என்று எவராலும் சொல்ல இயலாது.

எண்ணிக்கையிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. பத்தில் ஒன்று பழுதாகும் விளக்கு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதை வாங்கிய முதல் ஐந்து பேருக்கும் நல்ல விளக்கே கிடைப்பதற்கு வாய்ப்பு எவ்வளவு? 0.9 என்பதை ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 0.59. அதாவது நூற்றுக்கு 59 பங்கு வாய்ப்பு! பத்தில் ஒன்று பழுதாகும் பொருளுக்கும் முதல் ஐவர் குறையின்றிப் புகழ்மாலை சூட்டுவது அரிய செயலே அன்று. பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் நடக்கக்கூடியது. அந்தப் பழுது ஒருவர் கண்ணிலாவது பட வேண்டும், அதுவும் நூற்றுக்கு 95 பங்கு உறுதியுடன் பட வேண்டும் என்றால், குறைந்தது 29 பேர் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து, எழுதுகிறவர் யார் என்ற கேள்வி. பொருள் ஏதோ பரவாயில்லை என்றிருந்தால் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. மிக மகிழ்ந்தவரும் மிகச் சினந்தவருமே எழுத உட்காருகிறார்கள். எனவே ஐந்து நட்சத்திரங்கள் குவிந்து, ஒரு நட்சத்திரங்கள் சில நின்று, நடுவில் பள்ளம் விழுகிறது. இவர்களோடு, காசு வாங்கிக்கொண்டு எழுதுபவர்களும் கலந்துவிடுகிறார்கள். இதைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ஆம் ஆண்டு நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. கருத்து எழுதுபவர் யார் என்பதைச் சரிபார்த்தல், பணம் கொடுத்துப் பெற்ற கருத்துகளை வெளியிடாதிருத்தல் போன்ற நெறிகள் அதில் உள்ளன. வெளியிட்டபோது அது விரும்பி ஏற்கும் தரநிலையாகவே இருந்தது. ஆகவே வாசகர் தாமே விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது.

பெட்டியிலேயே கிடைக்கும் சான்று

சில வேளைகளில் பிறர் கருத்தே தேவைப்படாது, சிறுகணக்கு போதும். ஒரு விளக்கின் பெட்டியில் ‘மின்கலம் 1,200 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட், ஒளிவிளக்கு 5 வாட், 8 மணி நேரம் எரியும்’ என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். 1.2ஐ 3.7ஆல் பெருக்கினால் 4.44 வாட்-மணி. மின்கலத்தில் உள்ள ஆற்றல் அவ்வளவுதான். ஐந்து வாட் விளக்கு எட்டு மணி நேரம் எரிய 40 வாட்-மணி வேண்டுமே! முழு ஒளியில் எரிந்தால் இது 53 நிமிடத்திற்கு மேல் தாங்காது. பெட்டியில் கண்ட நான்கு எண்களும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. எட்டு மணி நேரம் எரிகிறது என்றால், அதன் பெரும்பகுதி மங்கலாகவே எரிகிறது என்பது பொருள்.

பழைய டைனமோ இந்த வகையில் நேர்மையானது. 6 வோல்ட், 3 வாட் என்று அதன்மேல் பொறித்திருக்கும். அதற்கான ஆற்றலை உங்கள் காலே தருகிறது. டயரில் உராய்வதால் மிதிப்பது கனக்கும். வண்டி நின்றால் விளக்கும் அணையும். இந்தக் குறைகளை எவரும் மறைக்கவில்லை, மறைக்கவும் முடியவில்லை.

பிரேக் கட்டையின் கதை வேறு. சித்திரையில் வாங்கி, வைகாசியில் ‘பிடித்தால் நிற்கிறது’ என்று எழுதினால் அது பொய்யன்று. ஆனால் குரோமியம் பூசிய எஃகு ரிம், மழைநீரில் நனைந்தவுடன் ரப்பருக்கும் உலோகத்துக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்து உராய்வைக் குறைத்துவிடுகிறது. வண்டி நிற்கும் தூரம் பன்மடங்கு கூடுகிறது. வடகிழக்குப் பருவமழையைக் காணாத பிரேக் கருத்து, பாதித் தேர்வு எழுதியவனின் மதிப்பெண்ணைப் போன்றது.

காலம் என்னும் தேர்வாளர்

இருக்கையைப் பற்றிச் சொல்லும்போது திமிரிப் பக்கத்து மக்களுக்குத் தனித் தகுதி உண்டு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த வட்டாரம் இது. இங்கே பல குடும்பங்களில் தோலைத் தொட்டே இனம் சொல்லக்கூடியவர் ஒருவராவது இருப்பார்.

ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல் தடித்தும் விறைப்பாகவும் இருக்கும். குரோமிய உப்பால் பதனிட்டது மென்மையாகவும் வெப்பத்தைத் தாங்குவதாகவும் இருக்கும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1866இல் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனத்தின் பெயர்பெற்ற தோல் இருக்கைகள் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றின்மேல் முதல் நாள் அமர்ந்தவர், ‘பலகை போல் இருக்கிறது’ என்று திட்டுவார். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின், உடலின் எடையாலும் வெப்பத்தாலும் தோலின் இழைகள் சிறிது சிறிதாக நகர்ந்து, அமர்பவரின் வடிவத்தையே ஏற்றுக்கொள்கின்றன.

பாலியூரித்தேன் பூசிய துணி இருக்கை இதற்கு நேர்மாறானது. முதல் நாள் பஞ்சு மெத்தை. ஆனால் நம் ஊர் வெப்பத்திலும் காற்றின் ஈரத்திலும் அந்தப் பூச்சு மெல்ல நீராற்பகுப்பு அடைகிறது. அதாவது, நீர் மூலக்கூறுகள் அதன் நீண்ட சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. ஓரிரண்டு ஆண்டுகளில் தோல் உரிவதுபோல் உரிந்து கொட்டுகிறது. முதல் வாரத்தில் கருத்துக் கேட்டால் ரெக்சின் வெல்லும். மூன்றாம் ஆண்டில் கேட்டால் தோல் வெல்லும். ஆனால் பொருள் வந்த சில நாள்களிலேயே ‘உங்கள் அனுபவம் எப்படி?’ என்று நம்மைக் கேட்டுவிடுகிறார்கள். அப்போது நமக்கு இருப்பது அனுபவமன்று, எதிர்பார்ப்பு மட்டுமே.

கையில் கட்டிய கணக்குப்பிள்ளை

நடையை எண்ணும் கைப்பட்டைகளுக்கு இன்று பெரும் வரவேற்பு. அதனுள்ளே இருப்பது மிகச் சிறிய முடுக்கமானி. கையின் அசைவை உணர்ந்து, அது நடையின் தாளத்தை ஒத்திருந்தால் ஓர் அடி என்று எண்ணிக்கொள்கிறது. காலை அது பார்ப்பதே இல்லை! எனவே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தவருக்குக் கணக்கில் வரவு குறைவு. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை மேசையருகே அமர்ந்து, நாள் முழுதும் கையை வீசித் தைக்கும் பெண்ணுக்கோ நடக்காத அடிகளும் வரவில் ஏறக்கூடும்.

இதயத் துடிப்பை அளக்கும் முறை நுட்பமானது. பட்டையின் அடியில் பச்சை ஒளி எரிகிறது. குருதி பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் குருதி பெருகும்போது திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது; அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறார்கள். 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேருக்கு ஏழு வகைக் கருவிகளை அணிவித்துச் சோதித்தனர். இதயத் துடிப்பை ஆறு கருவிகள் நூற்றுக்கு 5 பங்குக்கு உட்பட்ட பிழையோடு சொல்லின. ஆனால் எரிந்த கலோரியைச் சொல்வதில் மிக நல்ல கருவியே நூற்றுக்கு 27 பங்கு தவறியது. மிக மோசமானது 93 பங்கு தவறியது.

‘துல்லியமாகக் காட்டுகிறது’ என்று எழுதும் வாங்கியவர் எதனோடு ஒப்பிட்டார்? பெரும்பாலும் எதனோடும் இல்லை. எண் இரண்டு இலக்கம் மாறிமாறி வந்தாலே அதைத் துல்லியம் என்று நம்பிவிடுகிறோம். நீங்கள் செய்ய வேண்டியது எளிது: வாய்விட்டு எண்ணியபடி 500 அடி நடந்து பட்டையைப் பாருங்கள், சைக்கிளில் ஒரு கிலோமீட்டர் சென்று மீண்டும் பாருங்கள். காசில்லாத சோதனை இது. நூறு நட்சத்திரங்களைவிட மேலானது.

நாள்தோறும் பத்தாயிரம் அடி என்ற இலக்கும் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மன்போ-கெய்’ என்ற நடைமானியின் பெயருக்கே ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பதுதான் பொருள். சராசரி வயது 72 ஆன ஏறத்தாழ 17,000 பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் பலன் கூடவில்லை. ஆக, இலக்கைத் தந்ததும் கருவியை விற்றவர். இலக்கை எட்டினோம் என்று பாராட்டுவதும் அந்தக் கருவியே!

நாவலுக்குச் சராசரி உண்டா?

இதுவரை பார்த்தவற்றுக்கு, முயன்றால், சரி தவறு சொல்ல முடியும். நாவல் அப்படியன்று. டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவலை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரின் வாழ்வைச் சொல்லும் அது, 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. பேருந்தில் பொழுதுபோக்க வாங்கியவர் ‘மிக நீளம்’ என்று இரண்டு நட்சத்திரம் இடலாம். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று உழைத்த தந்தையின் மகன் ராணிப்பேட்டையில் இருந்துகொண்டு அதற்கு ஐந்து இடலாம். இருவரின் சராசரி மூன்றரை. அந்த மூன்றரை யாருடைய கருத்து? ஒருவருடையதும் அன்று!

விளக்கு எல்லாருக்கும் ஒன்றே. பழுதானால் எல்லாருக்கும் பழுது. நாவலோ வாசகருடன் சேர்ந்து பாதி உருவாகிறது. எனவே நாவலைப் பற்றிய கருத்தில் நட்சத்திரத்தைத் தள்ளிவிட்டு, எழுதியவர் தம்மைப் பற்றி என்ன சொல்கிறார் என்று பாருங்கள். ‘என் வீட்டிலும் இந்த வாடை இருந்தது’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அந்த ஒரு வரி உங்களுக்கு வழி காட்டும்.

பதிப்பு மாறும் பண்டம்

மென்பொருள் இன்னும் விந்தையானது: வாங்கிய பிறகும் அது மாறிக்கொண்டே இருக்கிறது. சென்ற ஆண்டு ஒருவர் புகழ்ந்த மென்பொருளும் இன்று நீங்கள் பெறும் மென்பொருளும் பெயரால் ஒன்று, உள்ளடக்கத்தால் வேறு. பதிப்பு எண்ணைக் குறிக்காத கருத்து, நாள் குறிக்காத மருத்துவச் சீட்டைப் போன்றது.

தமிழர்களுக்கு இதில் கசப்பான பாடம் உண்டு. கணினியில் தமிழ் நுழைந்த நாள்களில் எழுத்துருவாக்கியோர் பலரும் எழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி வெவ்வேறு இடங்களில் அமைத்தனர். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு பொதுக் குறியீட்டையும் விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் திருமண அழைப்பிதழ் அடித்த அச்சுக்கூடக்காரர், ‘எழுத்து முத்து முத்தாக வருகிறது’ என்று தம் மென்பொருளைப் புகழ்ந்திருப்பார், அது உண்மையே. ஆனால் அந்தக் கோப்பை இன்று வேறு கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். ‘நான் இதில் எழுதியதை வெளியே எடுத்துச் செல்ல முடியுமா?’ என்ற கேள்வியை அன்று எந்த வாங்கியவரும் கேட்கவில்லை. இன்று நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

வாங்காதவரின் அனுபவம்

நட்சத்திரக் கணக்கில் இடம்பெறாத இரு சாரார் உள்ளனர். முதலாமவர் பயன்படுத்துபவர், ஆனால் வாங்காதவர். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பயிலும் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கியது. அதை ஓட்டும் மாணவி எந்தக் கடையிலும் வாங்கவில்லை. ஆகவே அவளிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை. ஒரே வகை வண்டியை ஒரே நாளில் பெற்று ஒரே சாலையில் ஓட்டும் ஒரு வகுப்பு மாணவர்கள், எந்தச் சோதனைச் சாலைக்கும் வாய்க்காத பேறு! எந்த உறுப்பு எத்தனையாவது மாதத்தில் பழுதாயிற்று என்று பள்ளியில் ஒரு குறிப்பேடு வைத்தாலே, அடுத்த ஆண்டு வண்டிக்கு அது வழிகாட்டும். அறிவியல் ஆசிரியர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாமவர் வாங்கவும் இல்லை, பயன்படுத்தவும் இல்லை. ஆனால் விலையில் ஒரு பகுதியைச் செலுத்துகிறார். தோல் பதனிடும் கழிவுநீரால் பாலாற்றங்கரை கெட்டதைக் குறித்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தது. இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற மதிப்பீடு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. தொலைதூர நகரில் ஒருவர் தம் தோல் காலணிக்கு ஐந்து நட்சத்திரம் இட்டபோது, கிணறு கெட்ட உழவரின் கருத்து அந்தச் சராசரியில் சேரவில்லை.

நாம் செய்யக்கூடியது

வாங்குவோர் தனித்தனியே ஏமாறாமல் இருக்க, கூடிச் சோதிக்கும் வழி முன்பே கண்டறியப்பட்டதுதான். அமெரிக்காவில் 1936இலும் பிரிட்டனில் 1957இலும் தொடங்கிய நுகர்வோர் சங்கங்கள் பொருள்களைச் சோதித்து ஒப்பிட்டு இதழ்களில் வெளியிட்டன. இந்தியாவில் ஆமதாபாத்தில் 1978இல் தொடங்கிய நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையமும் இப்பணியைச் செய்தது. திமிரியில் ஆய்வுக்கூடம் இல்லை. ஆனால் உற்றுநோக்க ஆய்வுக்கூடம் எதற்கு?

அடுத்த முறை கருத்து எழுதும்போது ஐந்து செய்திகளைச் சேர்த்து எழுதுங்கள். எவ்வளவு நாள் பயன்படுத்தினீர்கள்? எந்தச் சாலையில், எந்தப் பருவத்தில்? எதனோடு ஒப்பிட்டீர்கள்? எது பழுதாயிற்று, உள்ளூரில் சரிசெய்ய முடிந்ததா? மென்பொருளாயின் பதிப்பு எண் என்ன? வந்த அன்று எழுதாதீர்கள். எழுதிவிட்டால் ஆறு மாதம் கழித்துத் திருத்துங்கள். பிறர் கருத்தைப் படிக்கும்போதும் இந்த ஐந்தையே தேடுங்கள். இவை இல்லாத கருத்து புகழ்ச்சியாயினும் வசையாயினும் தள்ளிவிடுங்கள்.

என் பழைய விளக்கைப் பற்றி இப்போது இவ்வாறு திருத்தி எழுதியிருக்கிறேன்: ‘மூன்று மாதம் பயன்படுத்தினேன். தார்ச்சாலை, மழையில்லாக் காலம். முழு ஒளியில் முக்கால் மணி நேரம் எரிந்தது. பள்ளத்தில் குலுங்கியதும் அணைந்தது. உள்ளூரில் சரிசெய்ய ஆள் இல்லை.’ நட்சத்திரம் எத்தனை என்று கேட்கிறீர்களா? ஒன்று இட்டேன், இடாமல் எழுத அங்கே வழியில்லாததால். படிப்பவருக்கு அந்த ஐந்து வாக்கியங்களே போதும். பஞ்சர் கடையில் காத்திருந்த அந்த மனிதரும் நட்சத்திரம் ஏதும் இடவில்லையே!